வாசிக்க விட்டார், படிக்க விடவில்லை

அக்கா,

இன்று காலை நம் வீட்டுக் கூடத்தில் பியானோவின் மேல்மூடியைத் திறந்தேன். எலி வராமல் இருக்க அம்மா உள்ளே போட்டு வைத்த பாச்சை உருண்டையின் வாடை முகத்தில் அடித்தது. உனக்கு அந்த வாடை ஆகாது. துப்பட்டாவால் விசிறிவிட்டுத்தான் வாசிக்க உட்காருவாய். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அப்பா அதை வாங்கி வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரின் வீட்டில் பியானோவைப் பார்த்துவிட்டு வந்தவர், நம் கூடத்திலும் ஒன்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து பியானோ சார் வருவார். எனக்கு விரல் நகர்ந்தால் போதும். உனக்குப் போதவில்லை.

"ஏனுங் சார், இந்தப் பாட்டுல மட்டும் இங்க கறுப்புக் கட்டை வருது?"

"அது தெரியணும்னா தியரி படிக்கணும்மா. அதுக்குத் தனியா நேரம் வேணும்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "அதெல்லாம் வேண்டாங்க சார். வர்றவங்க முன்னால நாலு பாட்டு வாசிச்சாச் சரி. புள்ள என்ன கச்சேரிக்கா போகப் போகுது?"

சார் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் நம் பனியன் யூனிட்டில் துணியில் ஒரு கோடு விழுந்தால், மெஷினை நிறுத்தி எந்த ஊசி பழுது என்று தானே குனிந்து பார்க்கிறவர் நம் அப்பா. மேலே தெரிகிற துணிக்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மகளுக்கு அந்தக் காரணம் எதற்கு என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அப்புறம் அந்த விருந்து. நீ அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாய். வந்திருந்த பையரின் மனைவி, நீ வாசித்த பாட்டு தனக்குத் தெரியும் என்று எழுந்து வந்து கூடவே பாடினார். மேல் சுரத்துக்குப் போகும்போது அவர் குரல் உடைந்தது. கொஞ்சம் இறக்கி வாசிக்க முடியுமா என்று சிரித்தபடி கேட்டார். உன் விரல்கள் வேறு கட்டைகளுக்குப் போயின, தடுமாறின, நின்றுவிட்டன. நீ பழகியிருந்தது அந்தப் பாட்டை ஒரே கட்டையிலிருந்து தொடங்கி வாசிக்க மட்டும்தான். அவர்கள் கார் கிளம்பியதும் அப்பா சொன்னார்: "இத்தன வருசம் என்னத்த அம்மிணி படிச்ச?"

அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றும் நான் யோசிப்பதுண்டு. நீ மறுவாரமே தோழியிடம் சொல்லி ஒரு தியரிப் புத்தகம் வரவழைத்தாய். வீட்டில் எல்லோரும் யூனிட்டுக்குப் போன பிறகு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்வாய். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் மாறாவிட்டால் பாட்டும் மாறாது, எங்கிருந்தும் தொடங்கலாம் என்று நீ கண்டுபிடித்த நாளில், அதே பாட்டை ஒவ்வொரு கட்டையாக இறக்கி இறக்கி வாசித்தாய். "பாட்ட மனப்பாடம் பண்றது, அடுத்தவங்க சொன்ன வழியில போறது மாதிரி கண்ணு. இது ஊரையே தெரிஞ்சுக்கறது" என்றாய். உன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தியரித் தேர்வில் தேறினாய். சென்னைக்குப் போய் மேலே படிக்கிறேன் என்றாய். அந்த மாதமே வீரபாண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பொண்ணு பியானோ வாசிக்குமுங்க" என்றார் அப்பா. வாசித்தாய். அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு பியானோவை உன்னோடு அனுப்பும் பேச்சு வந்தபோது, "எங்க ஊட்டுல எங்கீங்க எடம்?" என்றார் உன் மாமியார். கூடம் வெறிச்சென்று போய்விடும் என்றார் அப்பா. இரண்டு வீட்டுக்கும் வசதியாக முடிந்தது. கறுப்புக் கட்டைக்கெல்லாம் காரணம் கேட்ட நீ, அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்மீது எனக்குள்ள கோபம் அதுதான் அக்கா.

நான் வீரபாண்டிக்கு வரும்போதெல்லாம் நீ சமையலறை ஜன்னலோரம் இசைத்தாள்களை மடியில் விரித்து, செய்தித்தாள் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருப்பாய். "பொட்டியில்லாம அதைப் பாத்து என்ன பண்றது?" என்று உன் மாமியார் சிரிப்பார். அவர் நகர்ந்ததும் என்னிடம், "படிச்சாலே கேக்குது கண்ணு. ரெண்டு கையும் தனித்தனியாக் கேக்குது" என்பாய். நான் பாவமாகப் பார்ப்பேன். நீ பக்கத்தைத் திருப்புவாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், கண் மங்கும் வரைக்கும், அப்படித்தான் திருப்பிக்கொண்டிருந்தாய்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "அருமையா வாசிப்பாளுங்க. அவ ஆசப்பட்டான்னு நாந்தான் பியானோ வாங்கிக் குடுத்தேன்." எத்தனை பேரிடம் சொன்னாரோ. ஒரு கட்டத்தில் என்னால் முடியவில்லை.

"வாசிக்க விட்டீங்க. படிக்க விடலீங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வந்தவர்களிடம், "காப்பி சாப்பிடுங்க" என்றார். இன்று வரை அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

உன் இசைத்தாள்களை வீரபாண்டி மாமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். யூனிட்டுக்குப் போகிற பஸ்ஸில் தினமும் ஒரு பக்கம் படிக்கிறேன். நீ சொல்லிக்கொடுத்த எழுத்துகள் மறக்கவில்லை. தூரம் சொல்லத் தெரிகிறது, பெயர் சொல்லத் தெரிகிறது. ஆனால் மாதக்கணக்கில் தாள் தாளாகவே இருந்தது.

போன வாரம் ஒரு வரி கேட்டது. நிஜமாகவே கேட்டது அக்கா. பஸ் இரைச்சலுக்கு நடுவில், முதலில் வலது கை, பிறகு அடியில் மெதுவாக இடது கை. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு மெல்லியதாக இருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் இருமியதும் போய்விட்டது.

இந்தச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டா அத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தாய்?