சனிக்கிழமை டொலிடோ பஸ்

ஏப்ரல் 22, 1954
வியாழக்கிழமை

பிரியமுள்ள எமிலுக்கு,

வில்மா எழுதுவது. நானும் நம் ஆர்டித்தும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கப்பலில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டுத்தான் படுக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதிவிட்டேனே தவிர, இப்போது நான் எதையும் லேசில் நம்புகிற நிலையில் இல்லை.

முதலில் உங்கள் கடிதம். இந்த வருஷம் வருவதெல்லாம் டைப் அடித்தே வருகிறதே, என்ன சமாசாரம்? புதிதாக வந்த எழுத்தர் நீங்கள் சொல்லச் சொல்ல அடித்துத் தருகிறார் என்கிறீர்கள். இருபது வருஷம் கடல் மாதிரி ஏரிகளில் கப்பல் சுக்கான் பிடித்த கைக்குப் பேனா பிடிக்க வலிக்கிறதா? அந்த எழுத்தர் ஆணா பெண்ணா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் ஆண்டு மலர் வேலை மும்முரமாக நடக்கிறது. சாப்பாட்டுக்கூடத்தில் நான் மதியச் சாப்பாடு பரிமாறி முடித்ததும், கடைசி வகுப்புப் பிள்ளைகள் என் மேஜைகளின்மேல் பக்கங்களைப் பரப்பிவிடுகிறார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் மூன்று வரி இருக்கும்: குணம், பொழுதுபோக்கு, எதிர்கால ஆசை. முதல் இரண்டையும் கூடப் படிக்கிறவர்கள் எழுதுவார்கள், கேலிக்குக் கணக்கில்லை. மூன்றாவதை மட்டும் அவரவர் கையால் எழுதித் தர வேண்டும். இது வருஷா வருஷம் நடக்கிற வழக்கம்தான்.

மேஜை துடைக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டா துடைப்பாள்? எல்லாவற்றையும் படித்தேன். பால்காரர் மகன் நார்பர்ட் ஹாஸ் பயமறியாதவனாம். பொழுதுபோக்கு, பழைய ஃபோர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் விழிப்பது. ஆசை, ஜெட் விமானி ஆவது. சமையலறை விளக்கை மாற்ற என் ஏணியில் நாலு படி ஏறியதுமே முகம் வெளுத்து இறங்கியவன் இவன்! மலரைத் தொகுக்கிற மாணவி கொரீன் எல்லாருக்கும் தோழியாம், பொழுதுபோக்கு தொலைபேசி. ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசையாம், எந்த டாக்டர் என்று இன்னும் முடிவாகவில்லை. கடைசி பெஞ்சு லீராய், "முதலில் பட்டாளம், திரும்பி வந்தால் பார்ப்போம்" என்று எழுதியிருக்கிறான். முப்பத்தொரு பேரில் உள்ளதை உள்ளபடி சொன்னது அவன் ஒருவன்தான்.

அடுத்த பக்கத்தில் நம் ஆர்டித். குணம்: வாயைத் திறக்க மாட்டாள். பொழுதுபோக்கு: சனிக்கிழமை டொலிடோ பஸ். எதிர்கால ஆசை: டொலிடோவில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை.

ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். சனிக்கிழமைகளில் மலர் வேலைக்காகக் கொரீன் வீட்டுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். ஆசை விஷயம் அதைவிட மோசம். ஒன்பது வயதில் என் ஊறுகாய் ஜாடியில் தவளை வளர்த்தவள் அவள். உயிரியல் டீச்சராகத்தான் ஆவேன் என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் பிப்ரவரியிலிருந்து அலமாரியில் இருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு ஏதாவது ஓர் அலுவலகம் போதுமாம்.

வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டேன். "கேலிக்கு எழுதிருக்காங்கம்மா, நீ எல்லாத்தையும் துருவாத" என்றாள். கல்லூரி என்ன ஆயிற்று என்றேன். "ஆச மாறக்கூடாதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்கே காது குத்துகிறாள். டொலிடோவில் எவனோ இருக்கிறான், எமில். நார்பர்ட்டாகக்கூட இருக்கலாம், மூன்று வாரமாக என் கண்ணைப் பார்த்து அவன் புட்டிங் வாங்குவதில்லை.

கப்பலில் இருந்தாலும் நீங்கள் அவளுக்கு அப்பா. அதட்டி நாலு வரி எழுதுங்கள். இதை வழக்கம்போல ஆர்டித்திடம்தான் தபாலில் போடக் கொடுக்கிறேன். உறையின் வாயை மாவுப் பசையால் இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன். பிரித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள்
வில்மா


மே 6, 1954
வியாழக்கிழமை

எமிலுக்கு,

உங்கள் பதில் வந்தது. "பெண்ணை நம்பு, அவள் தங்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். டைப் அடித்துத்தான். கப்பலுக்குப் போய்த் திரும்ப எப்போதும் மூன்று வாரமாவது ஆகும். இந்தத் தடவை பதினோரு நாளிலேயே பதில் வந்திருக்கிறது, உறையில் டொலிடோ முத்திரையோடு. பழைய உறைகளை எடுத்துப் பார்த்தேன். இந்த வருஷத்து உறை அத்தனையிலும் அதே முத்திரைதான். இரும்புத்தாது ஏற்றுகிற கப்பல் ஏரி ஏரியாகப் போகாமல் டொலிடோவிலேயே நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறதா?

நார்பர்ட்டை விசாரித்தாகிவிட்டது. இரண்டு கரண்டி புட்டிங் கூடப் போட்டுத்தான் கேட்டேன். "சத்தியமா நான் இல்ல மிசஸ் ரூசெக். டான்ஸுக்கு வர்றியான்னு ஒரு தடவ கேட்டேன். நேரமில்லன்னுட்டா. அதுலேருந்து உங்க மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருக்கு" என்றான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

கொரீன் முதலில் பிடி கொடுக்கவில்லை. பிறகு கொட்டிவிட்டாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணி பஸ்ஸுல ஏறுவா. கையில துணி சுத்துன பாத்திரம் ஒண்ணு இருக்கும். கிட்டப் போனா முட்டகோஸ் வாசன. அதான் கேலி பண்ணினோம்" என்றாள். என் சமையலறையில் முட்டைக்கோஸ் உருண்டை ஏன் குறைகிறது என்று அப்போதுதான் புரிந்தது. எந்தப் பெண்ணாவது காதலனைப் பார்க்கப் போகும்போது முட்டைக்கோஸ் உருண்டை கட்டிக்கொண்டு போவாளா?

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. நேற்று ஆண்டு மலரின் பக்கங்களை டைப் அடித்துக் கொண்டுவந்து பரப்பினார்கள். ஆர்டித் பக்கத்தில் ரூசெக் என்ற பெயரைப் பார்த்தேன். முதல் எழுத்து வரிக்கு மேலே ஒரு மயிரிழை தூக்கி நிற்கிறது. பள்ளி டைப்ரைட்டரில் அந்த எழுத்து அப்படித்தான் விழும், பல் வளைந்துவிட்டது என்றாள் கொரீன். வீட்டுக்கு ஓடிவந்து உங்கள் கடிதங்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் எமில் ரூசெக், அதே எழுத்து, அதே மாதிரி தூக்கிக்கொண்டு.

உங்கள் கடிதங்களை என் மகள் எழுதுகிறாள். எதற்காக எழுத வேண்டும்? எழுத நீங்கள் இல்லையென்றால்தானே எழுத வேண்டும்? மார்ச்சில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு உங்கள் கையெழுத்தை நான் பார்க்கவே இல்லை. எமில், நீங்கள் இருக்கிறீர்களா? இந்த வரியை யாருக்கு எழுதுகிறேன்?

சனிக்கிழமை காலை இந்தக் கடிதத்தை ஆர்டித்திடம் கொடுப்பேன். நார்பர்ட் எப்படியோ ஃபோர்டைப் பூட்டிவிட்டான், அதில் பஸ்ஸின் பின்னாலேயே வருவேன். ஆர்டித், இதைப் பிரித்துப் படிப்பவள் நீ என்றால் நன்றாகப் படித்துக்கொள், பொய்க்காரி. கடிதம் எங்கே போகிறதோ, அதன் பின்னால் உன் அம்மாவும் வந்து நிற்பாள்.

வில்மா


மே 9, 1954
ஞாயிற்றுக்கிழமை

மிசஸ் ஓடெல் அவர்களுக்கு,

உங்கள் விடுதியில் தங்கியிருக்கும் எமில் ரூசெக்குக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். நான் அவர் மனைவி. அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம், வலது பக்கம் உட்கார்ந்து படியுங்கள். பாதியில் எழுந்து போகப் பார்த்தால் விடாதீர்கள்.

என் எமிலுக்கு,

நேற்று உங்கள் சமையலறை வாசலில் நின்றது நான்தான்.

தெருக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஆர்டித்தின் குரல் கேட்டது. கூடத்தைத் தாண்டி வந்தேன். நீங்கள் மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தீர்கள். உயிரோடு இருந்தீர்கள். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை ஒருநாளும் உங்களிடம் சொல்ல மாட்டேன், மிசஸ் ஓடெல் இப்போது படித்துவிட்டால் அது வேறு விஷயம். பிறகுதான் உங்கள் கையைக் கவனித்தேன். கட்டைவிரலால் தடவித் தடவித் தோல் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துச் சீவினீர்கள்.

ஆர்டித் என் கடிதத்தை உங்களுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸ் வரியில் நீங்கள் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்ட இடத்தில் கத்தி நின்றது. என் மகள் ஒரு வார்த்தைகூட விடாமல் படித்தாள், எமில். பொய்க்காரி என்று நான் எழுதியதையும் அதே குரலில் படித்தாள். அப்படியானால் முந்தைய கடிதங்களையும், அவளைப் பற்றி நான் உங்களிடம் மூட்டிய கோள் அத்தனையையும், அவளே உட்கார்ந்து உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் பசை தடவித் தடவி ஒட்டியதை நினைத்தால் கையை அடுப்பில் வைக்கலாம் போலிருக்கிறது.

கடைசி வரியில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள், என்னைப் பார்த்தாள். நீங்களும் பார்த்தீர்கள். பத்தடி தூரம், ஜன்னல் வெளிச்சம் முழுக்க என் முகத்தில். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே அவளிடம், "யாரும்மா அது, ஓடெல் அம்மாவா?" என்று கேட்டீர்கள்.

நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குப் பேச வாய் வரவில்லை. ஊரையே வாயால் அளக்கிற எனக்கு! திரும்பி நடந்து வந்து ஃபோர்டில் ஏறிவிட்டேன். வழியில் நார்பர்ட் ஒரு சூயிங்கம்மை நீட்டினான், வாங்கி மென்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மாலை பஸ்ஸில் ஆர்டித் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். மார்ச்சில் கப்பல் டாக்டர் சிவப்பு விளக்கு எது, பச்சை விளக்கு எது என்று காட்டச் சொன்னதும், நீங்கள் தப்பாகச் சொன்னதும், இரண்டு கண்ணிலும் புரை என்று திருப்பி அனுப்பியதும். டைப்பிங் வகுப்போடு டொலிடோ போனபோது பஸ் நிலையத்தில் அவள் உங்களைப் பார்த்திருக்கிறாள். முன்னால் நின்ற பஸ்ஸின் எண்ணை நீங்கள் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தீர்களாம். அங்கேயே அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள், டிசம்பரில் கப்பல்கள் கரை ஒதுங்கும்வரை அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று. நான் சத்தம் போடுவேன் என்று பயமா என்று கேட்டேன். அதற்கு அவள், "அப்பா உன் சத்தத்துக்குப் பயப்படலம்மா. நீ சத்தம் போடாம இருந்துடுவியோன்னுதான் பயந்தாரு" என்றாள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. கண் போனதற்கு இல்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளை இப்படி வேற்று ஆளாக்கிவிட்டீர்களே என்றுதான். போகட்டும், அதை நேரில் வைத்துக்கொள்வோம். நான் ஒன்றும் உத்தமி இல்லை. உங்கள் எழுத்தரைப் பெண் என்று சந்தேகப்பட்டேன், அது மட்டும் சரியாகத்தான் இருந்தது.

இன்று அன்னையர் தினம். வழக்கம்போல அம்மா உயிரோடு இருக்கிற பெண்களெல்லாம் சட்டையில் சிவப்புக் கார்னேஷன் பூ குத்திக்கொண்டு சர்ச்சுக்கு வந்திருந்தார்கள். ஆர்டித்தும் குத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். இரண்டு பேரும் பாடவில்லை.

இனி நான் கேட்கப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். ஆண்டு மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதுவரை எந்த வரியை வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிறாள் கொரீன். ஆர்டித் மாற்ற மாட்டேன் என்கிறாள். டொலிடோவில் வேலைக்குப் போய் உங்கள் பக்கத்தில் இருப்பதாக முடிவு செய்துவிட்டாள். கல்லூரிக்குப் பதில் எழுதவும் அதே வெள்ளிதான் கெடு. நான் கெஞ்சினேன், அதட்டினேன். "நான் போனா அப்பாவ யாரு பாத்துப்பா?" என்கிறாள். நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். அதைக் கேட்டதும் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இத்தனை நாள் அப்பாவை ஒளித்து வைத்ததே என்னிடமிருந்துதான், அதன் பிறகு நான் பார்த்துக்கொள்வேன் என்றால் அவள் எப்படி நம்புவாள்?

அவளை நம்பவைக்க உங்களால்தான் முடியும். வீட்டுக்கு வாருங்கள். கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம், தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் பத்து நாள் அசையாமல் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராமே, அதற்குப் பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறீர்களாமே. பத்து நாளும் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், உங்களால் ஓடவும் முடியாது. அறுவை பலிக்காவிட்டாலும் பரவாயில்லை, நம் வீட்டிலும் உருளைக்கிழங்கு இருக்கிறது.

மிசஸ் ஓடெல், புதன்கிழமை மூன்று மணி பஸ்ஸில் இவரை ஏற்றிவிடுங்கள். பையில் ஈரக் காலுறை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எமில், நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். இறங்கினதும் எங்கே நிற்கிறாள், எது அவள் என்று நீங்கள் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டாம். பஸ் கதவு திறக்கும்போதே திட்ட ஆரம்பித்துவிடுவேன். அதைக் கேட்டுக்கொண்டே நேராக நடந்து வாருங்கள்.

என்றும் உங்கள்
வில்மா