அளக்கும்போது வீசிய பந்து

இன்று காலை என் பாப்பா நீ துளையிட்டுக் கொடுத்த பௌலிங் பந்தின் கட்டைவிரல் துளைக்குள் தன் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. விரல் மாட்டிக்கொள்ளுமோ, பந்து உருண்டு காலில் விழுமோ என்று ஓடிப்போய் இழுத்தேன். துளைக்குள் நீ ஒட்டியிருந்த வெள்ளை டேப் ஓரம் பிய்ந்து என் கையோடு வந்தது. நீ போய் எட்டு மாதம். எப்போதோ சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

என் கல்யாணத்துக்கு முன்பு, சென்னையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. உனக்கு மாலில், உருட்டிவிட்டு பாட்டில் மாதிரி நிற்கும் பின்களைச் சாய்க்கிற பௌலிங் பந்துகளுக்கு, ஆடுகிறவர் விரலுக்கேற்பத் துளை போடும் வேலை. சனிக்கிழமைகளில் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம். உப்புக் குவியல்கள் தெரிந்ததும், "உப்பளத்துக்காரி, எழுந்திருடி" என்று என்னை மரக்காணத்தில் இறக்கிவிட்டு நீ இடையஞ்சாவடிக்குப் போவாய். அந்த பஸ்ஸில்தான் ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தில் பேனாவால் புள்ளி வைத்து விளக்கினாய். பந்துக்குள் கனமான கட்டை ஒன்று இருக்கிறது; அதன் தலை இருக்கும் இடத்துக்கு நேராக வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளித் துளை போடுகிறோமோ அதைப் பொறுத்து ஒரே பந்து சீக்கிரமாகவும் திரும்பும், நேராகவே போய்க் கடைசியிலும் திரும்பும். "ஆனா மொதல்ல கை எப்படி சுத்துதுன்னு பாக்கணும். பாக்காம போட்டா அது பந்து இல்ல, பூசணிக்கா" என்றாய். பிறகு மை பட்ட தோலை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாய்.

என் கையைப் பார்க்க, பந்து சுழலும் அச்சில் சின்ன டேப் ஒட்டி வீசச் சொன்னாய். நீ பார்க்கிறாய் என்றதும் நான் மணிக்கட்டை விறைத்துக்கொண்டு, வீடியோவில் வருகிறவர்கள் மாதிரி வீசினேன். அதை நம்பி அளந்து துளை போட்டாய். ஆபீஸ் போட்டியன்று பதற்றத்தில் என் சொந்தக் கை வந்துவிட்டது. பந்து விரல் துளைகளின் மேலேயே உருண்டு, டக் டக்கென்று சத்தம் போட்டு, பாதியிலேயே வளைந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தது. எல்லார் முன்னாலும், "இவ துளையத் தப்பா போட்டுட்டா" என்றேன். நீ பந்தைத் துடைத்துப் பையில் வைத்தாய்.

அடுத்த வாரம் நான் சும்மா விளையாடுவதைத் தூரத்தில் நின்று பார்த்தாய். பழைய துளைகளை அடைத்து, அந்தப் புள்ளி விரல் துளைகளுக்கு மேலே வரும்படி புதிதாகப் போட்டாய். பந்து நேராகவே போய், போச்சு என்று நான் கண்ணை மூடப்போன நேரத்தில் திரும்பியது.

"அளக்கும்போது நடிக்காதடி. நீ நடிச்சா நான் இல்லாத ஒருத்திக்குத் துளை போடுவேன்" என்றாய், கோபமே இல்லாமல். நான் சிரித்து மழுப்பினேன். தப்பு என்னுடையது என்று யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும். அப்புறம் எனக்குக் கல்யாணம், பாப்பா. எட்டு மாதத்துக்கு முன் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான்கே நாளில் நீ போய்விட்டாய்.

பாப்பாவுக்கு இரண்டரை வயசாகியும் இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. இன்று மதியம் புதுச்சேரியில் டாக்டரிடம் காட்டினோம். எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்டார். மாமியார் முந்திக்கொண்டு, வீட்டில் நன்றாகப் பேசுவாள், புது ஆள் என்றால் கூச்சம் என்றார். முப்பது என்று என் நாக்கிலும் வந்துவிட்டது. அப்போது என் மணிக்கட்டு விறைத்திருந்ததைப் பார்த்தேன்.

"நாலு வார்த்தைங்க டாக்டர். அதுல ரெண்டு எனக்கு மட்டும்தான் புரியும்."

முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிடலாம், பிறகு பயிற்சி என்று எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பாப்பா மடியில் தூங்கிவிட்டாள். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் டாக்டர் இன்று அளந்தது என் பாப்பாவைத்தான்.