நீங்கள் நின்று ஊதிய வாசல்

இன்று காலை கடை திறக்க வந்தபோது நகரசபை ஆட்கள் இருவர் வாசல் விளக்குக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து உங்கள் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே நீலத் துணி, அதன் மேல் வெள்ளைப் பெருக்கல் குறி. இந்த முறை யாரும் போய்க் கேட்கவில்லை. புனித அந்திரேயர் திருநாள் வருகிறது, ஸ்கொட்லாந்துக்காரரின் ஊர்வலம் போகும், கொடி கட்ட வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தச் செய்தியை ஓடிப்போய்ச் சொல்ல நீங்கள் பக்கத்து இறைச்சிக் கடையில் இல்லை. குளிர்காலத்தில் உங்களைப் புதைத்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

காரின் பின்பெட்டியில் வைத்துச் சரக்கு விற்றுத் திரிந்த நான் மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் ஒரு பலசரக்குக் கடை போட்டபோது, முதலில் உள்ளே வந்தவர் நீங்கள்தான். இரத்தம் தெறித்த ஏப்ரனோடு வந்து நின்றீர்கள். "லாட், இந்த ஊர் மிளகு மிளகே இல்லை, தூசு. ஹாகிஸுக்குச் சரிவராது" என்றீர்கள். நாற்பது தாண்டிய என்னை லாட், பையன் என்று கூப்பிட்டவர் இந்த நாட்டில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் பேசியது ஆங்கிலம், அதுவும் பாதி விளங்காத ஆங்கிலம். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது எல்லாம் என் ஊர்ப் பேச்சாகத்தான் காதில் கேட்கிறது.

வறுத்து இடித்த மிளகைக் கையில் கொட்டினேன். மோந்து பார்த்துத் தும்மினீர்கள். அடுத்த நாள் ஆட்டு ஈரலும் ஓட்ஸும் அடைத்து அவித்த அந்த ஹாகிஸ் பொதியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தீர்கள். என் மனைவி ருசி பார்த்துவிட்டு, "வெங்காயம் பத்தாது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு வெங்காயமும் என்னிடம்தான் வாங்கினீர்கள்.

உங்கள் ஆசை பெரியதில்லை. அந்திரேயர் திருநாளையொட்டிய சனிக்கிழமை, நீங்கள் பாக்பைப் என்ற பைக்குழலை ஊதிக்கொண்டு ஊர்வலம் போக, வீதியை ஒரு மணி நேரம் மூடித் தர வேண்டும். நகரசபைக் கட்டடத்தில் கொடி ஏற வேண்டும். மேயர் வந்து நிற்க வேண்டும். நகரசபை மறுத்துவிட்டது. "நீங்கள் வெளிநாட்டுக்காரர் இல்லையே, எங்களில் ஒருவர்தானே, உங்களுக்குத் தனியாக எதற்கு?" என்று கேட்டார்களாம்.

"கிரேக்கனுக்கு ஒரு நாள் இருக்கு, இத்தாலிக்காரனுக்கு ஒரு நாள் இருக்கு. கனடாவில எங்கட ஆக்களுக்கு முன்னால மேயர்மார் நடக்கினம். இஞ்ச நான் ஆரெண்டு சொல்ல எனக்கொரு நாள் இல்லை" என்று கத்தியைப் பலகையில் குத்திவிட்டுச் சொன்னீர்கள். பிறகு மெதுவாக, "இந்த வருஷம் ஊதினால்தான் உண்டு, லாட்" என்றீர்கள். இளமையில் கப்பல் கட்டும் தளத்தில் விழுங்கிய தூசு உங்கள் நெஞ்சைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வருஷம் பாக்பைப்பைத் தூக்கக்கூட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்று பேச வராது. அன்றைக்கே சொன்னேன். வாலிப வயதில் நான் இலங்கை மலைநாட்டில், அட்டனில், ஒரு கடையில் வேலை பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து ஸ்கொட்லாந்துத் துரைமாரின் கிளப்பில் இதே திருநாளுக்கு விளக்கும் விருந்தும் பாட்டும் அமர்க்களப்படும். சாமான் கொண்டுபோன நான் பின்வாசலில் இறக்கிவிட்டு, குழல் சத்தத்தை மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். "உங்கட கொண்டாட்டத்தின்ர முன்வாசல் எப்பிடி இருக்குமெண்டே எனக்குத் தெரியாது" என்றேன்.

நீங்கள் இறைச்சியை வெட்டிக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த நாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றீர்கள். "அந்தக் கிளப்புக்குள்ள என்ர அப்பனையும் விட்டிருக்க மாட்டாங்கள், லாட். அவர் கப்பலுக்கு ஆணி அடிச்ச மனிசன்."

"அப்ப சரி. இந்த ஊர்வலத்துக்குப் பின்வாசல் இருக்கக் கூடாது. வீதியில இருக்கிற எல்லாருக்கும் பொதுவா நடத்திறதெண்டால் நான் வாறன்" என்றேன். கை நீட்டினீர்கள். ஈரல் மணத்தோடு கை குலுக்கினோம்.

சும்மா கேட்டால் எந்தச் சபையும் தராது; தருவதால் தனக்கு நல்லது என்று அதற்குத் தெரிய வேண்டும். சபைக்கு எங்களோடு வரச் சொல்லிக் கேட்க, மீன்பொரியல் விற்கும் கிரேக்கரிடம் போனேன். சப்பாத்துத் தைக்கும் இத்தாலியரிடமும், குடியேறியோர் விடுதியிலிருந்து வந்து புதிதாக மரக்கறிக் கடை போட்ட வியட்நாம் அம்மாவிடமும் போனேன். வீட்டில் மட்டும் அர்ச்சனை. "அந்த மனிசன் சாரம் கட்டிக்கொண்டு றோட்டால போறதுக்கு நீங்கள் ஏன் அலையிறியள்?" என்றாள் என் மனைவி. ஊர்வலத்துக்கு நீங்கள் கட்டும் கட்டம்போட்ட கில்ட் பாவாடை அவளுக்குச் சாரம். அவள் சொன்னதை உங்களிடம் சொன்னபோது, "சாரத்துக்குள்ள காத்து வரும் எண்டு அவவுக்குத் தெரியாதே?" என்று கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமினீர்கள்.

சபைக் கூட்டத்துக்குக் கடைக்காரர் எல்லோருமாகப் போனோம். "இலங்கையில மலை உச்சியிலகூட இவையின்ர திருநாளைக் கொண்டாடினவை. இவர் இறைச்சி வெட்டுற வீதியில மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்டேன். ஒரு உறுப்பினர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இதில் உனக்கு என்ன லாபம் என்றார். "சனம் வரும், என்ர மிளகும் விற்கும், ஐயா" என்றேன். சபை சிரித்தது. அந்தச் சிரிப்போடு அனுமதியும் வந்தது.

ஊர்வலத்துக்கு முதல் நாள் கதையோடு கதையாக எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். சாமி வீதி வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைப்போம். குடம் வைத்த வாசலில் சாமி நின்றுதான் போகும். நாதஸ்வரக்காரரும் அங்கே நின்று வாசிப்பார். "வாசிக்காமல் போனால்?" என்று கேட்டீர்கள். "அந்த வீட்டுக்காரரை மதிக்கேல்லை எண்டு அர்த்தம்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மறுநாள் குழல் சத்தம் வீதி முனையில் கேட்டதும் என் மனைவி பித்தளைக் குடத்தோடு வெளியே வந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே வந்தாள். மாவிலை கிடைக்காத ஊரில் எலுமிச்சை இலையைச் செருகி, கடைத் தேங்காயை மேலே வைத்திருந்தாள். "என்ன பாக்கிறியள்? வாசலால ஊர்வலம் போகேக்க சும்மா நிக்கிறதே?" என்றாள்.

வீதியின் மறுமுனையில் மேடை. மேயர் கழுத்துச் சங்கிலியோடு காத்திருந்தார். நீங்கள் முன்னால் ஊதிக்கொண்டு வந்தீர்கள். முகம் செக்கச் சிவந்திருந்தது. மேடைக்கு முன்னால் ஒரு முழுப் பாட்டுக்கு மட்டும் மூச்சை மிச்சம் பிடிக்கப்போவதாக நீங்கள் சொன்னது எனக்குத் தெரியும். எங்கள் வாசலுக்கு வந்ததும் குடத்தைக் கண்டீர்கள். கையைத் தூக்கினீர்கள். கூட்டம் முழுவதும் நின்றது. மேயர் பக்கம் பார்க்காமல் குடத்தின் பக்கம் திரும்பி நின்று அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஊதினீர்கள். வியட்நாம் அம்மா அழுதார். என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நேராக நின்றாள்.

மேடைக்குப் போனபோது பின்னால் வந்த மற்றக் குழல்காரர்கள்தான் ஊதினார்கள். நீங்கள் குழல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சும்மா நின்றீர்கள். மேயர் கை கொடுத்து, இனி வருஷா வருஷம் இது நகரத்தின் திருநாள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். பின்னேரம், "மேயருக்கெண்டு வைச்ச மூச்சையெல்லோ எங்கட வாசலில விட்டிட்டியள்" என்றேன். "சரியான இடத்திலதான் விட்டனான், லாட்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் குழலைத் தொடவே இல்லை.

மெல்பேர்னில் இப்போது எங்கள் ஆட்கள் ஒரு பத்துப் பதினைந்து குடும்பம் இருக்கிறோம். போன ஞாயிறு கிளென் வேவர்லியில் ஒரு வீட்டில் கூடிப் பொங்கலைப் பற்றிக் கதைத்தோம். "ஏன் வீண் வம்பு? ஒரு மண்டபம் எடுத்து, யன்னலைச் சாத்திப்போட்டுப் பொங்குவம். வெள்ளையள் என்ன நினைப்பினமோ" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களை அறியாத மனிதர், பாவம்.

"மண்டபம் வேண்டாம். என்ர கடை வாசலில, நடைபாதையில அடுப்பை மூட்டுவம். நகரசபையிட்டை நான் கேக்கிறன்" என்றேன். என் மனைவி எழும்பி, "பானை என்ரை" என்றாள். பிறகு கதிரையில் இருந்த ஒரு இளம் பிள்ளை, வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்தால் அவர்களுக்கும் பொங்கல் கொடுக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆர் பிள்ளை வெளிநாட்டுக்காரர்?" என்றேன். "வாறவைக்கெல்லாம் குடுப்பம்."

செவ்வாய்க்கிழமை சபைக்குப் போகிறேன்.