கீழவைப்பார் கல்லறையில் ஒரு விமான விசிறி

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டாம் உலக யுத்தத்தில் கடலில் விழுந்த விமானத்தின் விசிறித் தகடு ஒன்று எப்போதோ கீழவைப்பார்க்காரர்கள் வலையில் வந்திருக்கிறது. விமானத்தில் வந்தவன் செத்திருப்பான் என்று, சிலுவைக்குப் பதிலாக அந்தத் தகட்டையே கல்லறைத் தோட்டத்தில் நட்டுவிட்டார்கள். கல்லறைத் திருநாள்தோறும் பெயர் தெரியாத அவனுக்கும் மெழுகுதிரி உண்டு.

எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்துக்கு அதைக் கேட்கத்தான் இன்று போனேன். போன மாதம் தகட்டில் படிந்திருந்த மெழுகைச் சுரண்டிப் பார்த்த வரிசை எண்ணை வைத்துத் தேடியதில், விமானி நீந்திக் கரையேறித் தன் நாடு திரும்பியது தெரிந்திருந்தது. விசிறியின் முன் திரி ஏற்றிக்கொண்டிருந்த ரோசாலி அக்காவிடம், "அவர் அன்னைக்குச் சாகலைக்கா" என்றேன்.

அக்கா திரியை அணைக்கவில்லை. "இப்பம் செத்திருப்பாருல்லா சார்? பெறவென்ன. பேரு என்னன்னு சொல்லுங்க, பூசையில வாசிக்கச் சொல்லணும்."

பெயரைச் சொன்னேன். விசிறியைக் கேட்க வாய் வரவில்லை. அங்கேயே நின்றால் உப்புக்காற்று தின்றுவிடும். எடுத்து வந்தால் அந்த மனிதருக்கு எங்கே திரி ஏற்றுவார்கள்?

போன மாதம் சுரண்டிய மெழுகு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அதைக் குப்பையில் போடலாமா, கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.