கீழே கெட்டி இருக்கும்

புரட்டாசி 9, வெள்ளி. நன்னிலம்.
காலையிலிருந்து தூறல். சவுதியில் செத்துப்போன செல்வத்தின் பை இன்னும் என் கட்டிலடியில். சட்டை மூன்று, ஷேவிங் செட், உடைந்த போன். கீழ்வேளூரில் அவன் வீட்டில் கொடுக்க வேண்டும். அவன் உடல் போன மாதமே வந்துவிட்டது. நான்தான் கூட வர முடியாமல் சவுதி ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

கம்பெனி அறிக்கை: டிரைவர் செல்வம் தன் இஷ்டத்துக்கு உப்புத்தரையில் வண்டியை இறக்கினார், விதியை மீறி வண்டியை விட்டு நடந்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

புரட்டாசி 10, சனி.
வயலில் டிராக்டர் உழவு. சக்கரம் பாதி இறங்கியது. தம்பி டிராக்டர்காரனிடம் சொல்கிறான், "கீழ கெட்டி இருக்கு, பயப்படாம விடு." மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே நான் செல்வத்திடம் சொன்னதும் அதே வார்த்தைதான். சுரங்கக் கம்பெனிக்கு மண் சாம்பிள் எடுக்க நாங்கள் இருவரும் போன வழி. பாறைப் பாதையில் சுற்றினால் மூன்று மணி நேரம், உப்புத்தரை குறுக்குவழி. புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைத்துவிட்டும் செல்வம் தயங்கினான். "வேணாம்டா, சுத்தியே போவோம்." நான் இறங்கிக் குதிகாலால் மிதித்துப் பார்த்தேன், பெரிய மிராசுதார் மாதிரி. மேலே காய்ந்த உப்பு, அடியில் சேறு. "நம்ம வயல் மாதிரிதான், சேத்துக்குக் கீழ கெட்டி இருக்கும். விடு."

வண்டி அச்சு வரை புதைந்தது. ஜாக்கி வைத்தோம். பலகையோடு உள்ளே போனது. தண்ணீர் ஒரு கேன். மறுநாள் விடியலில் செல்வம் முகாமைத் தேடி நடந்தான். தண்ணீரில் பாதிக்கு மேல் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பாவி. மூன்றாம் நாள் என்னை வண்டியிலேயே கண்டுபிடித்தார்கள். அவன் உடலை ஏழு கிலோமீட்டர் தள்ளி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அவன்.

புரட்டாசி 11, ஞாயிறு.
பஸ்ஸில் கீழ்வேளூர். வெயில். வீட்டில் செல்வத்தின் அப்பாவும் அவன் மனைவி வசந்தாவும். பையைக் கொடுத்தேன். வசந்தா சட்டையை மடித்தபடியே இருந்தாள்.

அப்பா: "சேத்துல பொறந்த பய, சேறு தெரியாம வண்டிய விட்டிருக்கான் பாருங்க. புத்தி கெட்டவன்."

அதைத் தாங்க முடியவில்லை. "அவன் வேணாம்னுதாங்க சொன்னான். நான்தான் விடச் சொன்னேன். கீழ கெட்டி இருக்கும்னு சொன்னேன்."

அப்பா கேட்டார், "இருந்துச்சா?"

"இல்லீங்கய்யா."

வசந்தா உள்ளே போய், அவர்களுக்கு வந்திருந்த கம்பெனி அறிக்கையையும் பேனாவையும் கொண்டுவந்தாள். "இப்ப சொன்னத இதுல எழுதிக் குடுங்கண்ணே."

எழுதினேன். வாங்கிப் படித்தாள். நான் மிதித்துப் பார்த்ததையும் சேர்க்கச் சொன்னாள்.