தை அமாவாசைக்கு ஒரு கிண்ணம்

சின்னம்மா,

இன்று காலை மீன்மேல் இஞ்சியைக் கீறிப் போட்டு வேகவைத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் ஓடி வந்து தலைசுற்றலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஐம்பதைத் தாண்டியவளுக்கு இது ஒரு சௌகரியமான பொய். நீங்கள் போன பிறகு வருகிற முதல் சீனப் புத்தாண்டு இது.

நாம் ரங்கூனிலிருந்து கப்பலேறி மதராஸுக்கு வந்தபோது எனக்குப் பதினோரு வயது. என்னைப் பெற்றவள் ரங்கூன் கல்லறையில் இருந்தாள். அப்பா உங்களைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் உங்கள் அம்மா தையற்கடையை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

ராயப்பேட்டையில் அத்தை வீட்டில் ஒண்டினோம். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பட்டணம் பாதி காலியாகிக் கிடந்த நேரம். தெருவில் உங்கள் சீன முகத்தைப் பார்த்துவிட்டு ஜப்பான்காரி என்றார்கள். நீங்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பீர்கள். நான் பத்தடி தள்ளி வருவேன், உங்களோடு வராதவள் மாதிரி. நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த தை மாதம். பக்கத்து வீட்டார் தை அமாவாசைக்குக் கடலில் முழுகப் போயிருந்தார்கள். அன்று சாயங்காலம்தான் உங்கள் கணக்குப்படி வருடக் கடைசி விருந்து என்று அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். மீன் முழுசாக இருக்க வேண்டுமாம், தலையும் வாலும் போகாமல். நொச்சிக்குப்பத்திலிருந்து கூடை தூக்கி வருகிறவளுக்கு அது விளங்கவே இல்லை. “இன்னாமா, அறுக்காத எப்டி துன்னுவீங்க?” என்று கேட்டுவிட்டு அரிவாள்மனையைக் கூடைக்குள் திரும்பப் போட்டாள்.

நாம் நாலு பேர்: அப்பா, அத்தை, நீங்கள், நான். மேசையில் ஐந்து கிண்ணம் இருந்தது. ஐந்தாவதில் சோறு குவித்து, பக்கத்தில் இரண்டு குச்சிகளை வைத்திருந்தீர்கள். உங்கள் அம்மாவுக்கு என்று நானாக முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்புதான் கல்லறைத் திருநாள் போயிருந்தது. எல்லாரும் அவரவர் வீட்டார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற, எனக்கு ஏற்ற ஒரு கல்லறை இல்லாமல் மாதா கோவில் சுவரோரம் நின்று அழுதிருந்தேன். என் அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்திக்கு வழியில்லை, இவர் அம்மாவுக்கு மட்டும் சோறா? கிண்ணத்தை எடுத்துச் சோற்றைப் பானையிலேயே கொட்டினேன்.

“உங்க ஆளுங்களுக்கெல்லாம் எங்க வீட்ல எதுக்கு சோறு?” என்றேன்.

அப்பா கையை ஓங்கிவிட்டார். நீங்கள்தான் அந்தக் கையைப் பிடித்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, “அது உங்கம்மாவுக்கு வச்சது” என்றீர்கள். “எங்கம்மா உயிரோட இருக்காங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கு எங்க வீட்ல வைக்க மாட்டோம்.”

காலையிலிருந்து, செத்தவர்களுக்குக் கோவிலில் பூசை வைத்தால் போதாதா, சோறு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தைதான் எழுந்து அந்தக் கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள். “ஊரே இன்னிக்கு செத்தவங்களுக்கு சோறு வெக்குது. நம்ம வீட்டுக்கு வாழ வந்தவளுக்கு வெச்சா சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு” என்றாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். கண்ணீரோடு சாப்பிட்ட சோற்றில் உப்பு பார்க்கவா முடியும்?

அதற்குப் பிறகு மேலும் இரண்டு வருடம் அதே ஐந்து கிண்ணம்தான். என் அம்மாவுடையதை நானே நிரப்பினேன். நீங்கள் ஆறாவதை எடுக்கவே இல்லை. ரங்கூனிலிருந்து ஒரு சேதியும் இல்லாத அந்த நாட்களில், வைக்காத அந்தக் கிண்ணம்தான் உங்கள் நம்பிக்கை என்பது பதினான்கு வயதில் எனக்குப் புரிந்திருந்தது. அப்போதெல்லாம் தெருவில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சண்டை முடிந்து, அதற்கடுத்த தையில் ரங்கூன் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. அடுப்படி வாசலில் நின்றபடியே படித்தீர்கள். நாம் கப்பலேறிய அதே வாரத்தில் உங்கள் அம்மா இறந்துவிட்டாராம். நீங்கள் அழவில்லை. விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினீர்கள்.

“மூணு வருஷம்” என்றீர்கள். “உங்கம்மாவுக்கு வச்சேன். எங்கம்மாவைப் பட்டினி போட்டுட்டேன்.”

அந்த அமாவாசையன்று நான் உங்களைக் கேட்கவில்லை. மூன்று கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்துச் சோறு போட்டேன், வருடத்துக்கு ஒன்றாக. அந்த வருடத்துக்கான நாலாவதையும் எடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். “மெதுவா போடு. ரொம்பப் பசியில இருப்பாங்க” என்றீர்கள். அப்போதுதான் அழுதீர்கள்.

அன்று பானைக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்ட கேள்விக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கேட்காமலே நாற்பது வருடம் உங்கள் கையால் சாப்பிட்டேன். அந்தப் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

இன்று சாயங்காலம் அடையாற்று வீட்டில் எல்லாரும் மேசைக்கு வருவதற்கு முன்பே உங்களுக்குச் சோறு வைத்துவிட்டேன். உங்களை ஒரு வருடம்கூடக் காக்க வைக்கவில்லை, சின்னம்மா.