காந்தத்துக்கு ஒரு முறை, ஏரிக்கு ஒரு முறை

என் ஆசை நைனாவுக்கு,

நீண்டது நைனா! நேற்று மத்தியானம் என் கண்ணால் பார்த்தேன். அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. "நீண்டுச்சுன்னா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும்" என்று போனில் சத்தியம் வாங்கினாயே, அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரிய காந்தத்துக்குள் வைத்தால் ஒரு பொருளின் நீளம் துளி மாறும், அதை அளக்கத்தான் போகிறேன் என்றபோது எப்படிச் சிரித்தாய்! "தண்ணியில நனைஞ்சா நூல் கயிறு இறுகுதே, அதுமாதிரியா? அத்த அளக்கவா டச்சுக்காரன் ஊருக்குப் போற? அவன் இங்க வந்து இன்னாத்த கண்டான், கல்லறைதான் கட்டிக்கினான்." பழவேற்காட்டில் உட்கார்ந்தபடி நீ கிண்டல் செய்யாத ஆள் உண்டா?

இங்கேயும் நம் ஏரி மாதிரிதான் நைனா. ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று பாடு பிரித்திருப்பதுபோல, இந்தக் காந்தத்துக்கும் முறை உண்டு. ஓடினால் ஒரு ஊருக்கே ஆகும் கரண்டைக் குடிக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். என் முறைக்கு முந்தின நாள் தம்பி போன் செய்தான். நைனாவுக்கு மார்வலி என்றான். "ஒடனே பொறப்பட்டு வா" என்று அழுதான்.

போகாதவன் பாடு அடுத்தவனுக்கு, அதைத் திரும்பக் கேட்பது மானக்கேடு. இப்படித்தானே கேட்டு வளர்ந்தேன்? கூட வேலை செய்யும் லிசாவிடம், "என் முறையை அடுத்தவர் எடுத்துக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அந்த அளவு இல்லாமல் என் ஆராய்ச்சி முடியாது, இத்தனை வருஷப் படிப்பும் வீண். ஆனாலும் வேறு நாள் கேட்கத் தோன்றவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று காசி சித்தப்பா வந்தார். "உங்க நைனா பாடு முந்தாநேத்து. யாரும் வலை போடல. சோம்பேறி வுட்ட பாடுதான் அடுத்தவனுக்கு. சாவு வூட்டுப் பாட்ட எவன் எடுப்பான்? அப்டியேதான் கீது. தம்பிய வரச் சொல்லு" என்றார். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. ஏரிக்கரையிலேயே வளர்ந்தும் பாதி நியாயம்தானே தெரிந்துவைத்திருக்கிறேன்?

உடனே லிசாவுக்குப் போன் போட்டேன். "என் வீட்டில் சாவு. என் முறை எனக்கு வேண்டும்" என்றேன். "ஐயோ, நீ வேலையையே விட்டுவிட்டாய் என்று நினைத்தோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். காந்தத்தை நடத்துபவர்களே எனக்கு வேறு நாள் ஒதுக்கினார்கள்.

நேற்று முதலில், நான் அளக்கவேண்டிய படிகம் இல்லாமல் காந்தத்தை ஒரு தரம் ஓட்டினோம். படிகத்தைப் பிடித்திருக்கும் சாமானும் கொஞ்சம் அசையும், அதைக் கழிக்க வேண்டும். பிறகு அரிசி அளவுப் படிகத்தை உள்ளே வைத்தோம். காந்தத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் முகத்துவாரம் மாதிரி இரைந்தது. காந்தம் ஏற ஏற, திரையில் கோடும் ஏறியது. ஒரு தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தால் வரும் இழை அளவுகூட இல்லை நைனா. "இத்துக்கா அம்மாந்தூரம் போன?" என்று நீ கேட்பது காதில் விழுந்தது.

காந்தத்தை இறக்கியதும் படிகம் பழைய நீளத்துக்கே வந்து நின்றது. லிசா கைதட்டினாள். நான் என்னவோ பழக்கத்தில் போனை எடுத்து, உன் நம்பரைத் தேடி, அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

உன் பாட்டில் இப்போது தம்பி வலை போடுகிறான். முதல் நாளே இறால் பட்டதாம், அம்மா சொன்னாள். என் முறையை இனி வாய் திறக்காமல் விட மாட்டேன். எது நீண்டாலும், சுருங்கினாலும், முதல் சேதி உனக்குத்தான்.

சொன்ன சொல் தவறாத
உன் மூத்த பொண்ணு,
தேவி